பண்டிகை விருந்துக்கு கிளேஸ் பூசிய ஹாம்: முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முந்தைய வாரங்களில் அமெரிக்கக் கடைகளில் குவிந்து கிடக்கும் ஹாம்களில் (பதப்படுத்திய பன்றித்தொடை) பெரும்பாலானவை ஏற்கெனவே வெந்தவை. உப்புநீர் ஏறி, புகை பட்டு, எலும்பு வரை வெந்து, பொட்டலத்தைப் பிரித்ததுமே சாப்பிடலாம் என்ற நிலையில்தான் நம் கைக்கு வருகின்றன. இது மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். நமக்கு இருப்பது இரண்டே வேலை: ஈரம் போகாமல் சூடாக்குவது, கடைசி அரைமணி நேரத்தில் இனிப்பும் புளிப்புமான ஒரு பாகைப் பூசி மினுமினுக்க வைப்பது. அந்தப் பாகைத்தான் கிளேஸ் என்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் மிச்சிகனுக்கு வந்த முதல் கிறிஸ்துமஸில் ஒரு நல்ல ஹாமைக் கெடுத்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் மட்டன்தான். பச்சைக்கறி வாங்கிவந்து, மெத்தென்று ஆகும்வரை வேகவிடுவோம். அதே கணக்கில் ஹாமையும் மூடாமல் ஓவனில் வைத்து, 375 டிகிரியில் மூன்று மணி நேரம் விட்டேன். வெளியே எடுத்தபோது துண்டுகளின் ஓரமெல்லாம் கருவாடுபோல் சுருண்டிருந்தது. பாகு முழுவதும் தட்டின் அடியில் கரிந்து ஒட்டியிருந்தது. அதற்குப் பின் வருடத்துக்கு இரண்டு தடவையாவது செய்து, தவறுகளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறேன். கீழே இருப்பது அப்படித் தேறிய முறை. வெப்பநிலை எல்லாம் இங்குள்ள ஓவன்களின்படி ஃபாரன்ஹீட்டில். தேவையான இடத்தில் செல்சியஸும் தருகிறேன்.

லேபிளை நிதானமாகப் படியுங்கள்

ஹாம் என்பது பன்றியின் பின்னந்தொடை. அதைப் பதப்படுத்தும் விதத்தில்தான் வகைகள் பிரிகின்றன. வெறுமனே பச்சையாக விற்கும் தொடைக்கறிக்கு 'ஃப்ரெஷ் ஹாம்' என்று பெயர். அது சாதாரணப் பன்றிக்கறிதான், முழுதாக வேகவைக்க வேண்டும். வர்ஜீனியா, கென்டக்கி, டென்னஸி பக்கத்தில் பெயர்பெற்ற 'கன்ட்ரி ஹாம்' உலர் உப்பு தேய்த்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு முதிரவைப்பது. உப்பு மிகக் கடுமையாக இருக்கும், ஊறவைத்துத்தான் சமைப்பார்கள். ருசி அபாரம். ஆனால் முதல்முறை செய்பவர்களுக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது உப்புநீர் ஏற்றிப் புகைபோட்ட 'சிட்டி ஹாம்'. பொட்டலத்தில் அந்தப் பெயர் இருக்காது. 'ஃபுல்லி குக்ட்' அல்லது 'ரெடி டு ஈட்' என்று இருக்கும். 'குக் பிஃபோர் ஈட்டிங்' என்று இருந்தால் அது வேகாதது. அதன் கணக்கே வேறு: உள்வெப்பம் 145 டிகிரி (63 செல்சியஸ்) தொட்டபின் மூன்று நிமிடமாவது ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

அடுத்து, தண்ணீர். இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க வேளாண் துறை, கொழுப்பை நீக்கிக் கணக்கிட்ட புரத அளவை வைத்து ஹாமுக்குப் பெயர் வைக்கச் சொல்கிறது. வெறும் 'ஹாம்' என்று எழுத வேண்டுமானால் 20.5 சதவீதம் புரதம் இருந்தாக வேண்டும். 18.5 இருந்தால் 'ஹாம் வித் நேச்சுரல் ஜூசஸ்'. 17 இருந்தால் 'ஹாம், வாட்டர் ஆடட்'. அதற்கும் கீழே போனால் 'ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்'. பட்டியலில் இறங்க இறங்க விலை குறையும், நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கு என்று ஆகும். கடைசி வகையை வெட்டினால் ரப்பர்போல் வழுக்கும், கறியின் நார் பல்லில் தெரியாது. விருந்துக்கு 'நேச்சுரல் ஜூசஸ்' வகைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் வகை எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

எலும்போடு வாங்குவதா, எலும்பில்லாததா? எலும்போடுதான். எலும்பில்லாத ஹாம் பெரும்பாலும் கறித்துண்டுகளைச் சேர்த்து அழுத்தி உருட்டியது. வெட்டச் சுலபம், ருசி மட்டம். மேலும் மறுநாள் சூப்புக்கு அந்த எலும்பு வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்பைரல் கட் வாங்கலாமா?

எலும்பைச் சுற்றி ஒரே சுருளாக மெல்லிய துண்டுகள் போட்டு வரும் ஹாமுக்கு ஸ்பைரல் கட் என்று பெயர். அதற்கான இயந்திரத்தை உருவாக்கியவர் ஹாரி ஹோன்செலார், நான் வசிக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே உள்ள டெட்ராய்ட்காரர். 1957-ல் அவர் அங்கே தொடங்கிய ஹனிபேக்ட் ஹாம் கடை பின்னாளில் நாடு முழுவதும் பரவியது. விருந்தாளிகள் சுற்றி நிற்கும்போது கத்தியோடு போராட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. பாகும் துண்டுகளுக்கு இடையில் இறங்கும்.

ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஈரம் வெளியேறும் வழி. முழு ஹாமுக்கு வெளிப்புறம் மட்டும்தான் காய்ந்துபோகும். ஸ்பைரல் கட்டில் உள்ளே வரை காயும். என் முதல் ஹாம் கெட்டதும் இதனால்தான். ஆகவே ஸ்பைரல் கட்டை மூடித்தான் சூடாக்க வேண்டும், வெட்டுமுகம் தட்டில் படும்படி கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் பயமில்லை. நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறேன். வெட்டாத ஹாம் வாங்கினால் மேல் கொழுப்பில் கோடு கீறி கிராம்பு பதிக்கும் அழகு கிடைக்கும். அதையும் அதன் இடத்தில் சொல்கிறேன்.

எவ்வளவு வாங்குவது

எலும்போடு என்றால் ஆளுக்கு முக்கால் பவுண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைப் பவுண்டே போதும் என்பார்கள். போதும்தான், ஆனால் மறுநாளுக்கு எதுவும் மிஞ்சாது. பத்துப் பேருக்கு எட்டுப் பவுண்டு ஹாம் ஒன்று சரியாக இருக்கும். அது முழுத்தொடை அல்ல, பாதி. பாதியிலும் இரண்டு உண்டு. 'ஷாங்க்' என்பது முழங்கால் பக்கம்: கூம்பு வடிவம், நடுவில் நேரான ஒரே எலும்பு, வெட்டச் சுலபம், கொழுப்பு கொஞ்சம் கூடுதல். 'பட்' என்பது இடுப்புப் பக்கம்: கறி அதிகம், கொழுப்பு குறைவு, ஆனால் இடுப்பெலும்பு கோணலாக ஓடுவதால் கத்தி முட்டிக்கொண்டே இருக்கும். முதல்முறை செய்பவர்கள் ஷாங்க் பாதியை எடுங்கள். மேசையில் வைக்க அழகும் அதுதான்.

முந்தைய நாட்கள்

உறைந்த ஹாம் என்றால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் உருக்க வேண்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. எட்டுப் பவுண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கவுன்ட்டரில் வெளியே வைத்து உருக்காதீர்கள்.

பாகை முந்தைய நாளே காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். விருந்து நாளில் அடுப்பு காலியாக இருப்பது எத்தனை பெரிய நிம்மதி என்பது அன்று தெரியும்.

மீட் தெர்மாமீட்டர் இல்லை என்றால் அதையும் இப்போதே வாங்கிவிடுங்கள். இந்தச் சமையலில் தவிர்க்கவே முடியாத கருவி அது ஒன்றுதான். பவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், அது தோராயம்தான். ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி.

விருந்து நாள்: சூடாக்குதல்

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு, எட்டுப் பவுண்டு ஸ்பைரல் கட் ஷாங்க் பாதி என்று வைத்துக்கொண்டு நேரம் சொல்கிறேன்.

2:45-க்கு ஹாமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து வையுங்கள். எலும்பின் முனையை உற்றுப் பாருங்கள். பல ஹாம்களில் கூரான எலும்பு பையைக் கிழிக்காமலிருக்க, கண்ணாடிபோன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லையை அங்கே மாட்டியிருப்பார்கள். கறியோடு ஒட்டி இருப்பதால் கண்ணுக்குப் படாது. எடுக்காமல் ஓவனில் வைத்தால் உருகிவிடும். சுற்றியிருக்கும் வலை இருந்தால் அதையும் அகற்றுங்கள். கூடவே வரும் கிளேஸ் பொட்டலத்தைத் தனியே வைத்துவிடுங்கள். அது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, வெறும் இனிப்பு.

வெட்டுமுகத்தில் சில நேரம் எண்ணெய் படிந்ததுபோல் வானவில் நிறம் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். தசைநார்களைக் குறுக்கே வெட்டிய பரப்பில் வெளிச்சம் சிதறுவதால் வரும் நிறம் அது. கெட்ட ஹாமை வாடையும் கையில் பிசுபிசுக்கும் கோழையும் காட்டிக்கொடுக்கும். வெந்த பன்றிக்கறி வெளுத்துத்தானே இருக்கும், இது ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்றும் கேட்பார்கள். பதப்படுத்தும்போது சேர்க்கும் சோடியம் நைட்ரைட், கறியில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்க வைக்கிறது. சிவப்பு போகும்வரை வேகட்டும் என்று காத்திருந்தால், காலம் பூராவும் காத்திருக்க வேண்டியதுதான்.

3:15-க்கு ஓவனை 325 டிகிரிக்கு (163 செல்சியஸ்) முடுக்குங்கள். ஆழமான ரோஸ்டிங் பேனில் அலுமினியம் ஃபாயிலை இரண்டு மடிப்பாக விரியுங்கள். சொட்டும் சர்க்கரை பேனில் கரிந்து ஒட்டினால் தேய்த்துத் தீராது. ஹாமின் வெட்டுமுகம் கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள். கூம்பின் கூர்முனை மேலே வரும். பேனில் ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். ஆப்பிள் சைடர் (வடிகட்டாத ஆப்பிள் சாறு, வினிகர் அல்ல) இருந்தால் அது இன்னும் நல்லது. பிறகு ஃபாயிலால் முழுவதும் மூடி, பேனின் விளிம்பைச் சுற்றி இறுக்கி அழுத்துங்கள். இட்லிப் பானைக்கு மூடி போடுவதுபோல், ஆவி உள்ளேயே சுழல வேண்டும்.

3:30-க்கு ஓவனில், கீழ்த்தட்டுக்கு ஒரு படி மேலே. பவுண்டுக்கு 12 முதல் 14 நிமிடம் ஆகும். இடையில் திறக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஆனதும் ஃபாயிலின் ஒரு மூலையைத் தூக்கி, தெர்மாமீட்டரைக் கறியின் மிகத் தடிமனான இடத்தில் குத்திப் பாருங்கள். எலும்பைத் தொடக் கூடாது. எலும்பு தரும் கணக்கு கறியின் கணக்கு அல்ல. 130 டிகிரி (54 செல்சியஸ்) காட்டும்வரை மூடியே இருக்கட்டும். எட்டுப் பவுண்டுக்கு ஐந்தேகால் மணி வாக்கில் அது வரும். தொழிற்சாலையில் அடைத்து வந்த வெந்த ஹாமைப் பரிமாறும்போது 140 டிகிரி (60 செல்சியஸ்) இருக்க வேண்டும் என்கிறது வேளாண் துறை. மிச்சப் பத்து டிகிரி பாகு பூசும்போது வந்து சேரும். கடையிலேயே பிரித்து வேறு பொட்டலத்தில் கட்டித் தந்த ஹாம் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதை 165 டிகிரி (74 செல்சியஸ்) வரை சூடாக்க வேண்டும்.

பாகு

இந்தச் சமையலில் நம் கைப்பக்குவம் தெரிவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹாம் ஏற்கெனவே உப்பு, புகை. அதற்கு மேலே வெறும் இனிப்பைப் பூசினால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டும். ஆகவே நல்ல கிளேஸில் இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் இருக்க வேண்டும். எட்டுப் பவுண்டுக்கு நான் எடுக்கும் அளவு:

பிரவுன் சுகர் – 1 கப், அழுத்தி அளந்தது (சுமார் 200 கிராம்)
தேன் – கால் கப்
ஆரஞ்சு ஜூஸ் – கால் கப்
ஆப்பிள் சைடர் வினிகர் – 2 மேசைக்கரண்டி
டிஜான் கடுகு (பாட்டிலில் வரும் கடுகு விழுது) – 2 மேசைக்கரண்டி
வெண்ணெய், உப்பில்லாதது – 2 மேசைக்கரண்டி
மிளகு, கரகரப்பாக இடித்தது – அரைத் தேக்கரண்டி
கிராம்புப் பொடி – கால் தேக்கரண்டி, தலைதட்டி

உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

கடுகும் வெண்ணெயும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்தில் போட்டு, நடுத்தரத் தீயில் சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஆறேழு நிமிடம். பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். பதம் சொல்வது நம்மவர்களுக்குச் சுலபம்: குலாப் ஜாமுனுக்கு வைக்கும் பிசுபிசுப்புப் பதத்தைத் தாண்ட வேண்டும், ஒரு கம்பிப் பதத்தைத் தொடக் கூடாது. கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு கூடாமல் நிற்க வேண்டும். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறும்போது இறுகிவிடும், பிரஷ் நகராது. பதத்துக்கு முன்பே எடுத்தால் கறியில் நிற்காமல் வழிந்து தட்டுக்குப் போய்விடும். இறக்கியபின் கடுகையும் வெண்ணெயையும் சேர்த்து அடியுங்கள். கடுகைக் கொதிக்கவிட்டால் அதன் காரம் ஆவியோடு போய்விடும்.

வினிகர் புளிப்புக்கு மட்டும் இல்லை. பாகு பூத்துப்போகாமல் இருக்க நாம் எலுமிச்சை பிழிவோமே, அதே வேலையை இங்கே வினிகர் செய்கிறது. அமிலம் பட்டால் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக உடையும். பிறகு அது மணல்மணலாகத் திரும்பாது, கண்ணாடிபோலவே நிற்கும்.

மாற்றிச் செய்ய விரும்பினால் வழிகள் நிறைய. தேனுக்குப் பதில் மேப்பிள் சிரப் ஊற்றலாம். மிச்சிகனில் மார்ச் மாதம் மரத்திலிருந்து நீர் இறக்கிக் காய்ச்சுவார்கள், ஈஸ்டர் ஹாமுக்கு அது புதிதாகக் கிடைக்கும். கொழும்பில் வளர்ந்த என் தோழி அதே இடத்தில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) சேர்ப்பாள். புகைவாசம் உள்ள அந்தப் பாணிக்கும் ஹாமுக்கும் அப்படி ஒரு பொருத்தம். தென்மாநிலங்களில் கோக்கைச் சுண்டக் காய்ச்சிக் கிளேஸ் செய்வது வழக்கம். ஒரு கேனை நாலில் ஒரு பங்காக வற்றவிட்டு ஆரஞ்சு ஜூஸுக்குப் பதிலாக ஊற்றினால் நன்றாகவே வரும், பிரவுன் சுகரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காரம் வேண்டும் என்பதால் அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்ப்பதுண்டு.

அன்னாசி வளையமும் நடுவில் செர்ரிப்பழமும் குத்திய ஹாமைப் பழைய விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ஜேம்ஸ் டோல் 1901-ல் ஹவாயில் தொடங்கிய அன்னாசி நிறுவனம் பெருகி, டின் அன்னாசி ஒவ்வொரு அமெரிக்கச் சமையலறைக்கும் போனபின் வளர்ந்த வழக்கம் அது. செய்வதானால் டின் அன்னாசியையே பயன்படுத்துங்கள். பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. கறியின் மேல் வெகுநேரம் இருந்தால் மேல்பரப்பைக் கூழாக்கிவிடும். டின்னில் அடைக்கும்போது படும் சூட்டில் அந்த நொதி செத்துப்போகிறது. வளையங்களைப் பல்குச்சியால் குத்துவது பாகு பூசும் கட்டத்தில்தான், முன்னால் வேண்டாம். எத்தனை குச்சி குத்தினீர்கள் என்பதை எண்ணி வைத்துக்கொண்டு, வெட்டுமுன் அத்தனையையும் உருவிவிடுங்கள். மேசையில் குழந்தைகள் இருப்பார்கள்.

பூசுதல்

உள்வெப்பம் 130 வந்ததும் ஹாமை வெளியே எடுத்து, ஃபாயிலைத் திறந்து ஓரமாகச் சுருட்டிவிடுங்கள். ஆவி முகத்தில் அடிக்கும், எட்ட நின்று திறக்க வேண்டும். ஓவனை 400 டிகிரிக்கு (204 செல்சியஸ்) ஏற்றுங்கள். பேனில் சேர்ந்திருக்கும் சாற்றை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். கீழே அரை அங்குலம் தண்ணீர் மட்டும் இருந்தால் போதும். அது இருக்கும்வரை சொட்டும் பாகு கரியாது.

பாகு இறுகியிருந்தால் லேசாகச் சூடாக்கி, மேலிருந்து கீழாகப் பிரஷால் பாதியைப் பூசுங்கள். துண்டுகளைக் கையால் பிரித்து உள்ளே ஊற்றச் சொல்வார்கள். நான் செய்வதில்லை. பிரித்த துண்டு காயும், இறங்க வேண்டியது தானாகவே இறங்கும். திறந்தபடியே பத்து நிமிடம் ஓவனில். எடுத்து இரண்டாம் கை பூசி, மறுபடி எட்டு முதல் பத்து நிமிடம். இந்த இரண்டாவது சுற்றில் ஓவன் கண்ணாடியை விட்டு நகராதீர்கள். சிறு குமிழ்கள் பெரிதாகி, நிறம் தேனிலிருந்து கருப்பட்டிக்குப் போகும் நேரம் மிகக் குறைவு. தேனில் உள்ள ஃபிரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும் என்பதால், தேன் அதிகம் சேர்த்தவர்கள் இன்னும் கவனம். ஓரம் எங்காவது கறுக்கத் தொடங்கினால் அந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டு ஃபாயிலை ஒட்டிவிடுங்கள். முதலிலேயே பாகைப் பூசி இரண்டு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும் என்பதும் இப்போது தெரிந்திருக்கும்: வெறும் கரிதான்.

வெட்டாத முழு ஹாம் என்றால் இந்தக் கட்டத்தில் ஒரு வேலை கூடுதல். தோல் இருந்தால் உரித்து, கொழுப்பு கால் அங்குலம் நிற்கும்படி விட்டு, கூரிய கத்தியால் அந்தக் கொழுப்பில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஒரு அங்குல இடைவெளியில் சாய்கோடுகள் கீறுங்கள். கத்தி கறிக்குள் இறங்கக் கூடாது. வைரம்போல் வரும் கட்டங்களின் சந்திப்பில் ஒவ்வொரு கிராம்பைப் பதியுங்கள். அப்படிச் செய்தால் பாகில் கிராம்புப் பொடி வேண்டாம். கொழுப்பு சுருங்கி, கோடுகள் விரிந்து, அதில் பாகு தேங்கி நிற்கும் அழகுக்காகவே சில வருடம் முழு ஹாம் வாங்குகிறேன்.

வெளியே எடுத்தபின் இருபது நிமிடம் தொடாமல் விடுங்கள். உள்வெப்பம் 140-ஐத் தொட்டிருக்கிறதா என்று இப்போது ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தொடவில்லை என்றால் ஃபாயிலைத் தளர்வாக மூடி, 325-ல் பத்து நிமிடம் திரும்ப வைக்கலாம்.

இந்த இருபது நிமிடத்தில் சாறு தயாராகிவிடும். வடித்து வைத்ததிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டு, ருசி பாருங்கள். கட்டாயம் உப்புக் கரிக்கும். அதே அளவு ஆப்பிள் சைடரோ தண்ணீரோ ஊற்றி, மிஞ்சிய பாகு ஒரு கரண்டி, கடுகு ஒரு கரண்டி சேர்த்து ஒரு கொதி. அவ்வளவுதான்.

வெட்டுவது

ஸ்பைரல் கட் ஏற்கெனவே வெட்டியதுதான், ஆனால் துண்டுகள் இன்னும் எலும்பில் ஒட்டியிருக்கும். ஹாமைப் படுக்கவைத்து, சிறிய கத்தியை எலும்பைச் சுற்றி ஒட்டியே ஓட்டுங்கள். பிறகு தசைகளுக்கு இடையே இயல்பாகவே தெரியும் கொழுப்புக் கோடுகளின் வழியே நீளவாக்கில் கீறினால், துண்டுகள் அடுக்கடுக்காகக் கழன்று வரும். முழு ஹாமில் ஒரு பக்கம் மெல்லிய துண்டை அறுத்தெடுத்து, அந்தத் தட்டையான பக்கம் கீழே வரும்படி வைத்தால் ஆடாது. அதன்பின் எலும்பு வரை செங்குத்தாக வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் எலும்பை ஒட்டிக் கிடைமட்டமாக ஒரே அறுப்பு.

கூட என்ன வைப்பது

மேசையில் வேறு எதிலும் உப்பு தூக்கலாக இருக்கக் கூடாது. மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெயில் புரட்டிய பீன்ஸ், மெத்தென்ற டின்னர் ரோல், ஈஸ்டர் என்றால் கடுகும் மயோனைஸும் கலந்து மஞ்சள்கரு அடைத்த டெவில்டு எக்ஸ். எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் தயிர்ப்பச்சடியும் வைப்பேன், வெள்ளரிக்காய் போட்டு. உப்பையும் இனிப்பையும் அது அமர்த்திவிடும்; அமெரிக்க விருந்தாளிகள் அதைத்தான் இரண்டாம் தடவை கேட்கிறார்கள்.

இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் வந்தால் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மூன்று அவுன்ஸ் ஹாமிலேயே சோடியம் ஆயிரம் மில்லிகிராமைச் சுற்றி இருக்கும். ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அவர்களுக்கு மட்டும் வேறு ஏதாவது சமைத்து வைப்பதில் தவறே இல்லை. பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் வருவார்கள் என்றால் கிளேஸை முன்பே இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தனிப் பிரஷோடு எடுத்து வையுங்கள். வறுத்த கேரட்டிலும் கோழித்தொடையிலும் பூச அதே பாகு ஒத்துப்போகும்.

மிச்சமும் எலும்பும்

மேசையில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். எலும்பிலிருந்து கழற்றி, சிறு டப்பாக்களில், சாறு ஒரு கரண்டி ஊற்றி மூடினால் காயாது. மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும். ஃப்ரீசரில் ஒன்றிரண்டு மாதம் ருசி குறையாமல் இருக்கும். மறுபடி சூடாக்கும்போது 165 டிகிரி வரை போக வேண்டும். பொடியாக நறுக்கி ஃப்ரைடு ரைஸில் போடலாம், முட்டைப் பொரியலில் போடலாம். இரண்டிலும் உப்பைக் கடைசியில் பார்த்துச் சேருங்கள்.

எலும்பை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அமெரிக்கச் செனட் உணவகத்தில் நாள்தோறும் பரிமாறும் பீன்ஸ் சூப், வெள்ளை பீன்ஸையும் ஹாம் எலும்புக்கறியையும் சேர்த்துக் காய்ச்சுவது. லூசியானாவில் ஞாயிறு ஹாமின் எலும்பைத் திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸோடு வேகவைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். எனக்குப் பிடித்தது பச்சைப் பட்டாணிப் பருப்பு சூப், நம் பருப்புக்குழம்புக்கு நெருங்கிய உறவு. ஒரு பவுண்டு பருப்பைக் கழுவி, எலும்பு, ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு, ஒரு பிரிஞ்சி இலை, எட்டு கப் தண்ணீர் எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் போட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். பருப்பு தானாகவே கரைந்து குழையும். எலும்பை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் கறியை உதிர்த்துத் திரும்பப் போட்டு, மிளகு தூவுங்கள். இது ஆறினால் களிபோல் இறுகிவிடும். மறுநாள் அரை கப் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.